ஒரே படம், இரண்டு பிறவி: பழைய விளையாட்டுப் பத்திரிகைப் படங்களும் வயர் போட்டோக்களும்

1938 ஜூன் 22, நியூயார்க் யாங்கி ஸ்டேடியம். குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸ், ஜெர்மனியின் மாக்ஸ் ஷ்மெலிங்கை முதல் சுற்றிலேயே சாய்த்துவிட்டார். மணி அடித்ததிலிருந்து எண்ணி 2 நிமிடம் 4 விநாடி. அந்தச் சண்டையின் படம் ஒன்றை இணைய ஏலத்தில் பார்த்தபோது எனக்குக் கை நிற்கவில்லை. "ஒரிஜினல் 1938 பத்திரிகைப் படம்" என்று போட்டிருந்தார்கள். வாங்கினேன். பழைய பத்திரிகைப் படம் என்று நான் வாங்கிய முதல் பொருள் அது.

உறையைப் பிரித்து எடுத்தால் படம் நன்றாகத்தான் இருந்தது. கீழே இரண்டு வரி டைப்ரைட்டர் எழுத்தில் படக்குறிப்பு. யாரோ தாளில் தட்டச்சு செய்து ஒட்டியிருக்கிறார்கள் என்று நினைத்து, அந்தத் துண்டுத்தாளின் ஓரத்தை நகத்தால் தடவினேன். ஓரம் தட்டுப்படவே இல்லை. வழவழவென்று படத்தோடு படமாக இருந்தது. ஒட்டிய தாளின் நிழல்கூடத் தெரிகிறது, ஆனால் தாள் இல்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். லூயிஸின் முதுகில் மெல்லிய கோடுகள், நெருக்கமாக, ஒரே சீராக ஓடின. என் கையில் இருந்தது வயர் போட்டோ, அதாவது தொலைபேசிக் கம்பி வழியே வந்து இறங்கிய படம்.

விற்றவர் சொன்னது பொய்யும் இல்லை. தாள் 1938இன் தாள்தான். ஆனால் நான் மனத்தில் நினைத்திருந்தது வேறு: சண்டை மேடையின் ஓரத்தில் குந்தியிருந்த புகைப்படக்காரரின் நெகட்டிவிலிருந்து நேராகப் போட்ட பிரிண்ட். இந்த இரண்டுக்கும் விலையில் பெரிய வித்தியாசம் உண்டு. பார்க்கும்போது கிடைக்கும் அனுபவத்திலும் உண்டு. புதிதாகச் சேகரிக்க வருகிறவர்கள் தடுமாறுகிற முதல் இடம் இதுதான். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

நெகட்டிவிலிருந்து நேராக

1930, 40களின் அமெரிக்கப் பத்திரிகைப் புகைப்படக்காரர் கையில் பெரும்பாலும் ஸ்பீட் கிராபிக் என்கிற கனமான கேமரா இருக்கும். நாம் பார்த்து வளர்ந்த படச்சுருள் அதில் கிடையாது. நாலுக்கு ஐந்து அங்குல பிலிம் தாள், ஒரு படத்துக்கு ஒரு தாள். சுட்டதும் தாளை மாற்ற வேண்டும். வேகமாக நடக்கிற ஆட்டத்தில் ஒரு தருணத்துக்கு ஒரு வாய்ப்புத்தான் கிடைக்கும்.

ஆட்டம் முடிந்ததும், பல நேரம் முடிவதற்கு முன்பே, அந்தத் தாள்கள் ஆள் மூலம் அலுவலகத்துக்கு ஓடும். இருட்டறையில் கழுவி, பளபளப்பான தாளில், வழக்கமாக எட்டுக்குப் பத்து அங்குலத்தில் பிரிண்ட் போடுவார்கள். அப்புறம் யார், எங்கே, எப்போது என்று தட்டச்சு செய்த துண்டுத்தாளைப் பின்பக்கத்தில் ஒட்டி, நிறுவனத்தின் ரப்பர் ஸ்டாம்பை அழுத்துவார்கள். ஆசிரியர் குழு எடுத்துப் பார்க்கும். ஓவியர் ஒருவர் வெள்ளை வண்ணத்தையோ சாம்பல் வண்ணத்தையோ தொட்டு, பின்னணியில் இருக்கும் கூட்டத்தை மறைப்பார், பந்தைப் பளிச்சென்று காட்டுவார். நம் ஊர் ஸ்டுடியோக்களில் டச்சிங் என்பார்களே, அதுதான். எங்கே வெட்ட வேண்டும் என்று மெழுகுப் பென்சிலால் கோடு விழும். வேலை முடிந்ததும் படம் அலமாரிக்குள் போய்விடும்.

நெகட்டிவுக்கும் தாளுக்கும் நடுவில் ஒளியைத் தவிர வேறொன்றும் இல்லை. இதைத்தான் சேகரிப்பவர்கள் ஒரிஜினல் என்கிறார்கள். முகத்தின் வியர்வை, கையுறையின் தையல், சட்டையில் படிந்த மண் எல்லாம் கூர்மையாக நிற்கும். கருப்பிலும் பல கருப்பு தெரியும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஒரிஜினல் என்றால் உலகத்தில் ஒன்றே ஒன்று என்று அர்த்தம் இல்லை. ஜார்ஜ் கிரந்தம் பெயின் 1898இல் தொடங்கிய பெயின் நியூஸ் சர்வீஸ், அண்டர்வுட் அண்ட் அண்டர்வுட், ஆக்மி, இன்டர்நேஷனல் நியூஸ் போட்டோஸ் போன்ற நிறுவனங்கள் ஒரே நெகட்டிவிலிருந்து பல பிரிண்ட் போட்டு, சந்தா கட்டிய பத்திரிகைகளுக்கு அனுப்பின. அவை எல்லாமே ஒரிஜினல்தான். எத்தனை மிஞ்சின என்பதுதான் கேள்வி. பத்திரிகைக்காரர்களுக்கு அது வேலைக்கான பொருள். வேலை முடிந்ததும் தூக்கி எறிந்தவை ஏராளம்.

கம்பி வழியே வந்த படம்

அந்தக் காலத்தில் நியூயார்க்கிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு ரயிலில் ஒரு படம் போய்ச் சேர மூன்று நாலு நாள் ஆகிவிடும். செய்தி தந்தியில் உடனே போய்விடும், படம் பின்னால் ஆடி அசைந்து வரும். படத்தைக் கம்பி வழியே அனுப்பும் முயற்சிகள் ஐரோப்பாவில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நடந்தன. ஜெர்மனியில் ஆர்தர் கோர்ன், பிரான்சில் எட்வார்ட் பெலின் என்று பலர் அதில் இறங்கினார்கள். ஆனால் பத்திரிகைகளின் அன்றாட வேலைக்குள் அதை நிலையாகக் கொண்டுவந்தது அசோசியேட்டட் பிரஸ் என்ற அமெரிக்கச் செய்தி நிறுவனம். 1935 ஜனவரி 1 அன்று அவர்களுடைய வயர்போட்டோ வலைப்பின்னல் தொடங்கியது. 25 மாநிலங்களில் 47 பத்திரிகைகள், ஏறத்தாழ 10,000 மைல் தொலைபேசிக் கம்பி. முதலில் போனது நியூயார்க் மாநிலத்தின் அடிரான்டாக் மலையில் விழுந்து கிடந்த ஒரு விமானத்தின் படம்.

அது வேலை செய்த விதம் புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானே புரியும். அனுப்பும் ஊரில், பிரிண்ட் போட்ட ஒரு படத்தை எடுத்து உருளை ஒன்றின் மேல் சுற்றுவார்கள். உருளை சுழலும். ஊசிமுனை அளவு ஒளிப்புள்ளி ஒன்று படத்தின் மேல் விழுந்து, ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நகரும். வெள்ளையான இடத்தில் ஒளி நன்றாகத் திரும்பி வரும், கருப்பான இடத்தில் குறைவாக வரும். அந்த ஏற்ற இறக்கத்தை ஒளிமின்கலம் மின்சார ஏற்ற இறக்கமாக மாற்றித் தொலைபேசிக் கம்பியில் அனுப்பும். மறுமுனையில், இருட்டுக்குள் அதே வேகத்தில் சுழலும் இன்னொரு உருளை. அதில் சுற்றியிருக்கும் பிலிமின் மேல் ஒரு விளக்கு அந்த மின்சாரத்துக்கு ஏற்பக் கூடியும் குறைந்தும் எரிந்து, வரி வரியாகப் படத்தைத் திரும்ப வரையும். ஒரு அங்குலத்துக்கு 100 வரி. ஒரு படம் போய்ச் சேரப் பத்து நிமிடம் போல ஆகும். நம் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்வதானால் பேக்ஸ் இயந்திரத்தின் பாட்டி என்று சொல்லலாம்.

மறுமுனையில் கிடைத்த அந்தப் பிலிமைக் கழுவினால் அதுவும் நெகட்டிவ்தான். அதிலிருந்து போடுவதும் இருட்டறை பிரிண்ட்தான், வெள்ளி உப்புத் தாளில் போட்டதுதான். இதனால்தான் கையில் வாங்கிப் பார்க்கிற புதியவர் ஏமாறுகிறார். தாள் அந்தக் காலத்துத் தாள், பளபளப்பும் அப்படியே, வாசனைகூடப் பழைய படத்தின் வாசனை. ஆனால் அந்த நெகட்டிவ் ஆட்டக்காரரைப் பார்த்ததே இல்லை. அது பார்த்தது மின்சாரத்தை.

படக்குறிப்பு எப்படிப் படத்துக்குள் போனது என்பதும் இப்போது விளங்கும். கம்பியில் போவது படம் மட்டுமே. அதனால் குறிப்பைத் தட்டச்சு செய்து, அனுப்பும் பிரிண்டின் முன்பக்க ஓரத்திலேயே ஒட்டி, படத்தோடு சேர்த்து உருளையில் ஏற்றினார்கள். எழுத்தும் படமாகப் போனது, படமாகவே வந்து இறங்கியது. என் நகத்துக்கு ஓரம் தட்டுப்படாத காரணம் அதுதான்.

இதிலிருந்து அழகான ஒரு விஷயம் கிளம்புகிறது. முன்பக்கம் குறிப்பு உள்ள ஒரு படம் கிடைத்து, நகத்தால் தடவும்போது தாளின் ஓரம் நிஜமாகவே தட்டுப்பட்டால்? அது உருளையில் சுற்றி அனுப்பப்பட்ட அந்த மூலப் பிரிண்டாகவே இருக்கக்கூடும். அப்படிப்பட்டதை, முன்னால் எழுத்து இருக்கிறது, ஆகவே வயர்தான் என்று ஒதுக்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒதுக்காதீர்கள்.

இன்னொன்று. வயர்போட்டோ என்பது அசோசியேட்டட் பிரஸ் தன் சேவைக்கு வைத்த பெயர். ஆக்மி தன்னுடையதை டெலிபோட்டோ என்றது, இன்டர்நேஷனல் நியூஸ் சவுண்ட்போட்டோ என்றது. நகல் எடுப்பதை எல்லாம் நாம் ஜெராக்ஸ் என்கிற மாதிரி, சேகரிப்பவர்கள் இன்று எல்லாவற்றையும் வயர் போட்டோ என்கிறார்கள். குறிப்பின் வரியில் இந்த மூன்று பெயரில் எது இருந்தாலும் நகத்தையும் பூதக்கண்ணாடியையும் எடுத்துவிடுங்கள்.

நாலு வகை

அமெரிக்காவில் பேஸ்பால் படங்களைச் சேகரிப்பவர்கள் பல ஆண்டுகளாக ஆளுக்கொரு பெயர் சொல்லிக் குழம்பிக்கொண்டிருந்தார்கள். ஹென்றி யீ, மார்ஷல் போகல் என்ற இருவர் வகுத்த முறையை பிஎஸ்ஏ என்ற சான்றளிக்கும் நிறுவனம் எடுத்துக்கொண்டது. இப்போது ஏலங்களில் எல்லாம் டைப் 1, டைப் 2 என்று பேசுவது அந்த முறையில்தான். அதில் கேட்கப்படுவது இரண்டே கேள்வி. எந்த நெகட்டிவிலிருந்து வந்தது? எப்போது பிரிண்ட் போட்டது?

படம் எடுத்த மூல நெகட்டிவிலிருந்து, எடுத்து ஏறக்குறைய இரண்டு ஆண்டுக்குள் போட்டது டைப் 1. அதே மூல நெகட்டிவ், ஆனால் இரண்டு ஆண்டு தாண்டிப் போட்டது டைப் 2. நகல் நெகட்டிவிலிருந்தோ கம்பி வழியாகவோ வந்து, அந்த இரண்டு ஆண்டுக்குள்ளேயே போட்டது டைப் 3. நகலிலிருந்து பிற்காலத்தில் போட்டது டைப் 4. அன்றைக்கன்று வந்த வயர் போட்டோ டைப் 3இல் வரும்.

ஒரு படத்தை வைத்துப் பார்க்கலாம். 1948 ஜூன் 13, பேஸ்பால் வீரர் பேப் ரூத்தின் 3ஆம் எண் சட்டையை இனி வேறு யாரும் அணியாதபடி அதற்கு ஓய்வு கொடுத்த நாள். நோயால் இளைத்துப்போன ரூத், மட்டையை ஊன்றியபடி யாங்கி ஸ்டேடியத்தில் நின்றார். மற்றவர்கள் முன்னால் நின்று முகத்தை எடுத்தார்கள். நியூயார்க் ஹெரால்டு டிரிப்யூன் பத்திரிகையின் நாட் பெயின் பின்னால் போய், முதுகையும் அந்த எண்ணையும் எடுத்தார். இரண்டு மாதத்தில், ஆகஸ்ட் 16 அன்று ரூத் இறந்துபோனார். அந்தப் படத்துக்கு 1949இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. நாட் பெயினின் நெகட்டிவிலிருந்து 1948இல் ஒரு பிரிண்ட் போட்டிருந்தால் அது டைப் 1. அதே நெகட்டிவிலிருந்து 1970இல் போட்டிருந்தால் டைப் 2. இன்னொரு ஊர்ப் பத்திரிகை அதே 1948இல் கம்பியில் வாங்கிப் போட்டிருந்தால் டைப் 3. அந்த வயர் பிரிண்டை இன்னும் இருபது வருடம் கழித்து யாராவது திரும்பப் படம் பிடித்துப் பிரிண்ட் போட்டிருந்தால் டைப் 4. நாலிலும் அதே முதுகு, அதே 3ஆம் எண்.

டைப் 2 பற்றி ஒரு வார்த்தை. அதைத் தாழ்வாகப் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சார்லஸ் கான்லன் என்று ஒருவர் இருந்தார். நியூயார்க்கில் ஒரு பத்திரிகையில் பிழைதிருத்துபவராக வேலை பார்த்துக்கொண்டே, ஓய்வு நேரத்தில் பேஸ்பால் மைதானங்களில் கண்ணாடித் தகடு நெகட்டிவில் படம் எடுத்தவர். டை காப் மண் பறக்க, பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாம் பேஸில் சறுக்கி வருகிற படம் அவர் எடுத்ததுதான். அவருடைய நெகட்டிவ்கள் பின்னாளில் தி ஸ்போர்ட்டிங் நியூஸ் இதழின் காப்பகத்துக்குப் போயின. அதிலிருந்து பல ஆண்டு கழித்துப் போட்ட பிரிண்டுகளும் கூர்மையில் சோடை போவதில்லை, மூலத் தகடு அல்லவா. டைப் 1 வாங்க வசதி இல்லாதவர்களுக்கு, கான்லனின் கண் வழியாகப் பார்க்க அது ஒரு நல்ல வாசல்.

அப்புறம், வயர் சேவை பரவலாவதற்கு முந்தைய படம் என்றால் கவலை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். 1910, 20களிலும் ஒரு பிரிண்டை வைத்துத் திரும்பப் படம் பிடித்து நகல் நெகட்டிவ் செய்வது சகஜமாக நடந்தது. கோடுகள் இருக்காது. ஆனால் முகம் மெழுகு பூசின மாதிரி மழுங்கி, கருப்பு எல்லாம் ஒன்றாகக் கட்டியிருக்கும். சில நேரம் அந்த மூலப் பிரிண்டின் கிழிசலும் மடிப்பும்கூடப் படத்துக்குள் தெரியும். தாளில் மடிப்பே இல்லை, படத்தில் மடிப்பு இருக்கிறது என்றால் நகல்தான்.

திருப்பிப் பாருங்கள்

இந்தப் பொழுதுபோக்கில் எனக்கு மிகப் பிடித்த பகுதி படத்தின் பின்பக்கம். முன்பக்கத்தை ஆயிரம் பேர் பார்த்திருப்பார்கள். பின்பக்கம் அந்த ஒரு தாளுக்கு மட்டுமே சொந்தம். எந்தத் தேதியில் அச்சானது, எந்தப் பக்கத்துக்கு, எத்தனை பத்தி அகலத்தில் போடச் சொன்னார்கள், நாலு வருடம் கழித்து எந்த ஆட்டத்துக்காகத் திரும்ப எடுத்தார்கள் என்று எல்லாம் அங்கே இருக்கும். ஆட்டக்காரர் இறந்த அன்று கடைசியாக ஒரு தேதி முத்திரை விழுந்திருப்பதையும் பார்க்கலாம்.

முத்திரையில் உள்ள பெயரே காலம் சொல்லும். ஆக்மி நிறுவனம் 1952இல் யுனைடெட் பிரஸ்ஸோடு சேர்ந்துவிட்டது. 1958இல் யுனைடெட் பிரஸ்ஸும் இன்டர்நேஷனல் நியூஸ் சர்வீஸும் இணைந்து யுனைடெட் பிரஸ் இன்டர்நேஷனல் ஆனது. ஆகவே 1927இல் பேப் ரூத் அடித்த ஹோம் ரன் என்று ஒருவர் காட்டும் படத்தின் பின்னால் யுனைடெட் பிரஸ் இன்டர்நேஷனல் முத்திரை மட்டும் இருந்தால், அந்தத் தாள் 1958க்குப் பிறகு போட்டதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மட்டும் என்று சொன்னதைக் கவனியுங்கள். பழைய பிரிண்டை பின்னாளில் திரும்ப வெளியே கொடுக்கும்போது புது முத்திரை குத்துவதும் உண்டு. முத்திரையை மட்டும் நம்பாமல் முத்திரை, தாள், படம் மூன்றும் ஒரே கதையைச் சொல்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

ஊரையும் கணக்கில் எடுங்கள். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, நானாகத்தான் கற்றுக்கொண்டேன். டெட்ராய்ட் பத்திரிகை ஒன்றின் காப்பகத்திலிருந்து வந்த படம், டெட்ராய்ட் டைகர்ஸ் பேஸ்பால் அணி சொந்த ஊரில் ஆடிய ஆட்டம் என்றால், அவர்களுடைய புகைப்படக்காரரே எடுத்திருப்பார். ஒரிஜினலாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. 1956 அக்டோபர் 8 அன்று பந்து வீசிய டான் லார்சன் பேஸ்பால் உலகத் தொடரில் எதிரணியில் ஒருவரைக்கூட பேஸை எட்டவிடாமல் ஆட்டத்தை முடித்ததும் யோகி பெர்ரா துள்ளி ஏறி அவரைக் கட்டிக்கொண்டாரே, அந்தப் படம் அமெரிக்காவின் மேற்குக் கரையோரத்தில் ஒரு சின்னப் பத்திரிகையின் அலமாரியிலிருந்து வருகிறது என்றால்? நியூயார்க்கில் நடந்ததை மறுநாள் காலையே அவர்கள் போட்டாக வேண்டும். கம்பி வழியாகத்தான் வந்திருக்கும்.

தாளைச் சோதிக்க எளிய கருவி ஒன்று உண்டு. கடைகளில் கள்ளநோட்டு பார்க்க வைத்திருக்கும் புற ஊதா விளக்கு. 1950களின் நடுப்பகுதியிலிருந்து புகைப்படத் தாள்களில் வெண்மையைக் கூட்டும் ரசாயனம் சேர்க்கத் தொடங்கினார்கள். சலவைத் தூளில் இருப்பது மாதிரியானதுதான். இருட்டில் அந்த விளக்கைப் பிடித்தால் அப்படிப்பட்ட தாள் நீலவெள்ளையாக ஒளிரும். 1930களின் படம் என்று சொல்லும் தாள் அப்படி ஒளிர்ந்தால் வாங்காதீர்கள். ஆனால் ஒளிராவிட்டால் பழையது என்று முடிவு கட்டவும் முடியாது. பின்னாளில் வந்த தாள்களிலும் அந்த ரசாயனம் இல்லாதவை உண்டு. பழைய தாளின் இன்னோர் அடையாளம், ஓரங்களில் கருப்பான இடங்களில் தெரியும் வெள்ளிப் பூச்சு மாதிரியான மினுமினுப்பு. படத்தைச் சாய்த்துப் பிடித்தால் நீலம் கலந்த கண்ணாடி போல மின்னும். படத்தில் உள்ள வெள்ளி காலப்போக்கில் மேலே கிளம்பி வருவதால் அது உண்டாகிறது. பலர் அதைக் குறை என்பார்கள். எனக்கு அது வயதின் கையெழுத்து, பார்த்தாலே சந்தோஷமாக இருக்கும்.

1970களுக்கு வந்துவிட்டால் வயர் போட்டோவை அடையாளம் காண்பது சுலபம். அசோசியேட்டட் பிரஸ் லேசர்போட்டோவுக்கு மாறியது. இருட்டறையில் ரசாயனத்தில் கழுவாமலே இயந்திரத்திலிருந்து படம் வெளியே வந்தது. தாள் மெலிசு, பழுப்பேறியிருக்கும், வெயில் பட்டால் இன்னும் கெடும். இவற்றைச் சேகரிக்க நான் யாருக்கும் சொல்வதில்லை, ஆட்டக்காரர் மேல் தனிப் பிரியம் இருந்தாலொழிய.

அப்படியானால் வயர் போட்டோ மட்டமா?

விலையைக் கேட்டால், ஆமாம், மிகக் குறைவு. நல்ல புகைப்படக்காரர் எடுத்த, நல்ல ஆட்டக்காரரின் டைப் 1 பிரிண்ட் பெரிய ஏலக் கூடங்களுக்குப் போகிறது. பேஸ்பால் வீரர் ஷூலெஸ் ஜோ ஜாக்சன் கையெழுத்திட்ட 1911ஆம் ஆண்டுப் படம் 2021இல் கிறிஸ்டிஸ் ஏலத்தில் 14 லட்சத்து 70 ஆயிரம் டாலருக்குப் போனது. அதில் கையெழுத்தின் பங்கு பெரிது, எழுதப் படிக்கத் தெரியாத ஜாக்சனின் கையெழுத்து அவ்வளவு அரிது. ஆனாலும் பழைய பிரிண்ட் ஒன்று எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு அது ஓர் எல்லை. வயர் போட்டோ அந்தப் பக்கமே போகாது. சில சமயம் நல்ல சாப்பாட்டுச் செலவில் ஒன்று கிடைத்துவிடும்.

ஆனால் ஒரு தருணம் உலகத்துக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டால் என் பதில் வேறு. 1965 மே 25, மெய்ன் மாநிலத்தின் லூயிஸ்டன் என்ற சின்ன ஊர். கீழே விழுந்து கிடக்கும் சோனி லிஸ்டனைப் பார்த்து, கையை மடக்கி நின்று முகமது அலி கத்துகிறார். அந்தக் காட்சியை நீல் லைபர் வண்ணத்தில் எடுத்தார். இன்று சுவரொட்டிகளில் நாம் பார்ப்பது பெரும்பாலும் அதுதான். ஆனால் அவர் வேலை பார்த்தது வாரப் பத்திரிகைக்கு. மறுநாள் காலைப் பத்திரிகையில் ஜனங்கள் பார்த்தது கம்பி வழியாக வந்த கருப்பு வெள்ளைப் படங்களை. அசோசியேட்டட் பிரஸ்ஸின் ஜான் ரூனி அதே கணத்தை எடுத்திருந்தார். ஏதோ ஒரு ஊரின் இரவு நேர ஆசிரியர், அச்சுக்குப் போகும் அவசரத்தில், இன்னும் ஈரம் காயாத அந்த வயர் பிரிண்டைக் கையில் வாங்கிப் பார்த்திருப்பார். மே 26 முத்திரையோடு அப்படி ஒரு தாள் கிடைத்தால், கோடு விழுந்து மழுங்கியிருந்தாலும், எனக்கு அது உயர்ந்த பொருள்தான்.

ஆகவே புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது: முதலில் வயர் போட்டோக்களையே வாங்குங்கள், வயர் போட்டோ விலையில். பத்து இருபது கையில் புழங்கினால் கோடு எப்படி இருக்கும், மழுங்கல் எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பழகிவிடும். அதற்கப்புறம் ஒரு ஒரிஜினலைக் கையில் எடுத்தால் யாரும் விளக்கவே வேண்டாம். நஷ்டம் வருவது வயர் போட்டோவை ஒரிஜினல் விலைக்கு வாங்கும்போதுதான்.

இவ்வளவு படங்கள் ஏன் இப்போது சந்தையில் கிடைக்கின்றன என்று கேட்பீர்கள். பத்திரிகைகள் கணினிக்கு மாறியதும் அலமாரி அலமாரியாக இருந்த காகிதப் படங்கள் அவற்றுக்குச் சுமையாகின. பல பத்திரிகைகள், படங்களைக் கணினியில் ஏற்றிக் கொடுத்தால் காகிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்று மொத்தமாகக் கொடுத்துவிட்டன. அவை லட்சக்கணக்கில் இணைய ஏலங்களுக்கு வந்தன. ஒரு நகரத்தின் நூறு வருட நினைவு இப்படி உதிரியாகப் பிரிந்து போவது எனக்கு வருத்தம் தருவதுதான். ஒரே பெட்டியில் இருந்தபோது அவற்றுக்கு ஒரு வரிசை இருந்தது, ஒரு ஊர் இருந்தது. அதனால்தான் பின்பக்கத்தில் உள்ள எதையும் அழிக்காதீர்கள், உரிக்காதீர்கள் என்று கெஞ்சுகிறேன். அந்தப் படம் எங்கிருந்து வந்தது என்பதற்கு மிஞ்சியிருக்கும் சாட்சி அது ஒன்றுதான். இன்னொன்றும் நினைவிருக்கட்டும்: படம் உங்களுடையது ஆனாலும் பதிப்புரிமை உங்களுடையது ஆகிவிடாது. புத்தகத்திலோ விளம்பரத்திலோ போட வேண்டுமானால் அனுமதி தேவைப்படலாம்.

கிரிக்கெட் பிரியர்களுக்கும் இதே கேள்விகள்தான். சேப்பாக்கத்தில் 1986 செப்டம்பர் 22 அன்று இரண்டு அணியின் ரன்னும் சமமாகி டெஸ்ட் 'டை' ஆனதை மறக்க மாட்டோம். அதற்கு முன் டெஸ்ட் வரலாற்றில் அப்படி நடந்தது ஒரே முறை, 1960 டிசம்பர் 14, பிரிஸ்பேன். ஜோ சாலமன் பக்கவாட்டிலிருந்து எறிந்து ஆஸ்திரேலியாவின் மெக்கிப்பை ரன் அவுட் ஆக்க, மேற்கிந்தியத் தீவுகள் அணியினர் கைகளை வீசித் துள்ளுகிற படம் தி ஏஜ் பத்திரிகையின் ரான் லோவிட் எடுத்தது. அதன் பழைய பிரிண்ட் ஒன்று எங்காவது கண்ணில் பட்டால் கேட்க வேண்டியதும் அதேதான்: எந்த நெகட்டிவ், எப்போது போட்டது, பின்பக்கம் என்ன சொல்கிறது.

பாதுகாப்பு பற்றிச் சுருக்கமாக. நம் ஊர் ஈரக்காற்று இந்தத் தாள்களுக்கு எதிரி. படத்தின் மேல்பூச்சு ஜெலட்டின், ஈரம் பட்டால் இளகி ஒட்டிக்கொள்ளும். கண்ணாடிச் சட்டத்தில் நேராக அழுத்தி மாட்டினால் சில மழைக்காலத்தில் கண்ணாடியோடு ஒட்டிவிடும், பிறகு பிரிக்க முடியாது. பாலியெஸ்டர் உறையில் போட்டு, அமிலம் இல்லாத அட்டையோடு, படுக்கை வாட்டில் வையுங்கள். பழைய ஆல்பங்களில் வரும் பிவிசி உறை வேண்டாம். சுருண்டிருக்கும் படத்தைக் கையால் நிமிர்த்தாதீர்கள், மேல்பூச்சு வெடித்துவிடும்.

என் ஜோ லூயிஸ் படத்தை நான் திருப்பி அனுப்பவில்லை. அதற்குப் பிறகு எந்தப் படத்துக்கும் பணம் கட்டும் முன் விற்பவரிடம் மூன்று படம் கேட்கிறேன்: பின்பக்கம் முழுவதும், முகம் மட்டும் மிக நெருக்கத்தில், படக்குறிப்பின் ஓரம் சாய்ந்த வெளிச்சத்தில். நல்ல வியாபாரிகள் அன்றைக்கே அனுப்பிவிடுகிறார்கள்.